வீணைக்குப் பெண் பார்த்த படலம்

ஒத்தைப்பனங்குளம் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள். வழி சொன்னால் போய்விடுவீர்கள். போனால் உங்களையும் ஒரு கமிட்டியில் சேர்த்துவிடுவார்கள். நான் போய்விட்டுத் தப்பி வந்தவன், சொல்கிறேன், உட்கார்ந்து கேளுங்கள்.

அந்த ஊரில் தாண்டவமூர்த்தி என்று ஒருவர் வீணை வாசிப்பார். பிரமாதமாக வாசிப்பார் என்று அவரே சொல்லுவார். மற்றவர்கள் சொல்ல வழியில்லை, ஏனென்றால் யாருக்கும் கேட்டதில்லை. ஆடி மாசம் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் அவருக்கு ஒரு சாயங்காலம் மேடை உண்டு. அந்த ஒரு சாயங்காலத்துக்காக வருஷம் பூராவும் பழகுவார். போன கொடையில் அவர் வாசித்து முடித்துக் கும்பிட்டு எழுந்தபோது, கமிட்டித் தலைவர் பிச்சையா அண்ணாச்சி மேடைக்கு வந்து, "கச்சேரி எப்பம்ப்பா ஆரம்பிக்கும்?" என்று கேட்டார்.

முடிந்துவிட்டது என்று தெரிந்ததும் அண்ணாச்சி கறாராகச் சொல்லிவிட்டார். "அடுத்த கொடைக்கு நான் கடைசி வரிசையில உக்காந்திருப்பேன். எனக்குக் கேக்கணும். கேக்கலைன்னா அதுக்கப்புறம் உன் இடத்துல செண்டை மேளம்தான், பாத்துக்கோ."

தாண்டவத்துக்குச் சோறு இறங்கவில்லை. மனுஷன் பாதியாக இளைத்துவிட்டார். பார்க்கப் பொறுக்காமல் அவருடைய சிநேகிதர்கள் மூன்று பேர் கூடி உட்கார்ந்தார்கள். கோமதிநாயகம் யோசிக்கிறவர். பூதப்பாண்டி சந்தேகம் கேட்கிறவர். இசக்கியப்பன் என்ன கொடுத்தாலும் தூக்குகிறவர்.

"கடைசி வரிசைக்குத்தானே கேக்கலை? கடைசி வரிசையை எடுத்துருவோம்" என்றார் கோமதிநாயகம்.

"எடுத்தா அதுக்கு முன்வரிசை கடைசி ஆயிருமேவே?" என்றார் பூதப்பாண்டி.

"அதையும் எடுத்துருவோம்."

சொல்லி வாய் மூடவில்லை, இசக்கியப்பன் கோயில் மைதானத்துக்குப் போய் ஒத்திகை பார்த்தார். ஒவ்வொரு வரிசையாக நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டே வந்தார். கடைசியில் மேடைதான் மிச்சம். அதையும் அவர் பெயர்க்கத் தொடங்கியபோது பூசாரி ஓடிவந்தார். "ஏன்வே இந்தப் பாடு? டவுனுக்குப் போயி ஒரு ஆம்ப்ளிஃபயர் வாங்கி மாட்டுங்களேன்" என்றார்.

தாண்டவத்தையும் சேர்த்து நாலு பேரும் பஸ் ஏறினார்கள். டவுனில் மீரான் பாய் என்பவர் மைக், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் விற்கிறார். நல்ல மனுஷர், அதனால்தான் வந்த வினை. "அவசரப்பட்டு எடுக்காதீங்க. வாத்தியமும் ஆம்ப்ளிஃபயரும் புருஷன் பொண்டாட்டி மாதிரி. ஆயுசுக்கும் ஒத்துப்போகணும். உங்க வீட்டுல ஒரு கல்யாணம்னா எப்படி விசாரிச்சுச் செய்வீங்களோ, அப்படிப் பாத்து எடுங்க" என்றார்.

நாலு பேருக்கும் முகம் மாறிவிட்டது. விஷயம் இவ்வளவு பெரிது என்று அவர்களுக்கு அதுவரை தெரியாது. நல்ல நாள் பார்க்காமல் கிளம்பி வந்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே ஊர் திரும்பினார்கள்.

"இதுல மாப்பிள்ளை யாரு, பொண்ணு யாரு?" என்று பஸ்ஸிலேயே பூதப்பாண்டிக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

கோமதிநாயகம் கண்ணை மூடி யோசித்தார். "உம்ம வீட்டுல யாரு சத்தம் கூட?"

"அவதான்."

"நீரு பேசினா வெளியே கேக்குமா?"

"எனக்கே கேக்காதே."

"அப்ப வீணைதான் மாப்பிள்ளை" என்று கோமதிநாயகம் தீர்த்துச் சொன்னார். மறுத்துப் பேச ஆள் இல்லை, நாலு பேருமே கல்யாணம் ஆனவர்கள்.

வளர்பிறையில் ஒரு நாள் பார்த்து மறுபடி கடைக்குப் போனார்கள். தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை, கதம்பம். வீணைக்குப் பட்டு வேட்டி கட்டிச் சந்தனம் வைத்து இசக்கியப்பன் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தார். மீரான் பாய் அவர்களை மேலும் கீழும் பார்த்தார். வியாபாரம் வியாபாரம்தானே, பக்கத்துக் கடையில் பஜ்ஜியும் காபியும் சொன்னார்.

"பொண்ணைக் காட்டுங்க" என்றார் கோமதிநாயகம்.

பாய் பளபளவென்று ஒன்றை எடுத்து வைத்தார். "போன மாசம்தான் கம்பெனியிலேர்ந்து வந்துச்சு. புத்தம் புதுசு. உங்க வீணைக்கு இதைவிட அம்சமா அமையாது."

பூதப்பாண்டி பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டார். "ஒரு மாசக் குழந்தையையா கட்டி வைக்கச் சொல்லுதீரு? போலீஸுக்குத் தெரிஞ்சா எங்க நாலு பேரையும் உள்ள தள்ளிருவான். பதினெட்டு முடிஞ்சிருக்கணும் பாய்."

பாய் பரணைப் பார்த்தார். அங்கே அவருடைய வாப்பா காலத்துப் பெட்டி ஒன்று தூசி மண்டிக் கிடந்தது. இறக்கித் துடைத்தார். "இதுக்கு இருபத்தி ரெண்டு நடக்குது. இதுவரைக்கும் கடை வாசலைத் தாண்டினதில்ல."

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்தக் காலத்தில் இப்படி அடக்கமான பெண் எங்கே கிடைக்கும்?

"ஒரு பாட்டுப் பாடச் சொல்லுங்க" என்றார் கோமதிநாயகம். பாய் சுவிட்சைப் போட்டார். அது "ஙொய்ங்" என்றது. எந்தக் குமிழைத் திருகினாலும் ஙொய்ங்தான்.

"கூச்சப்படுது. புது ஆளுங்கள்லா" என்றார் இசக்கியப்பன்.

பாய்க்கே மனசு உறுத்திவிட்டது. "எதுக்கும் வீணையை இதுல மாட்டி, ஒரு தடவை வாசிச்சுப் பாத்துருங்க" என்றார்.

கோமதிநாயகத்துக்கு வந்ததே கோபம். "கல்யாணத்துக்கு முன்னாடியா? நாங்க மானம் மரியாதையோட இருக்கிற குடும்பம் பாய்." தாண்டவம் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டார்.

ஆனி மாசக் கடைசி முகூர்த்தத்தில் தாலி கட்டினார்கள். பெட்டிக்குக் கழுத்து இல்லாததால் கைப்பிடியில் கட்டினார்கள். ஊரே வந்து சாப்பிட்டுவிட்டு மொய் எழுதிப் போனது. விடிந்ததும் வயரை மாட்டலாம் என்று தாண்டவம் ஆசையாகப் படுத்தார். விடிந்தால் ஆடி ஒன்று.

காலையில் வயரும் கையுமாக நின்றவரைப் பூதப்பாண்டி ஓடிவந்து பிடித்துக்கொண்டார். "ஆடியில புதுசாக் கட்டினதுக ஒண்ணா இருக்கலாமாவே? பொண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பணும்லா?"

தாண்டவம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "கொடை ஆடியிலதானேவே வருது? இவளை அனுப்பிட்டா எனக்கு யாரு சத்தம் குடுப்பா? என் மேடை போச்சே" என்று அழுதார். பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

கோமதிநாயகம் மத்தியானம் வரைக்கும் யோசித்தார். பிறகு கேட்டார்: "அண்ணாச்சிக்குச் சத்தம் எதுலேர்ந்து வரப்போகுது?"

"ஆம்ப்ளிஃபயர்லேர்ந்து."

"அப்ப வீணைக்கு மேடையில என்ன வேலை? நீரு வீணையை வச்சுக்கிட்டு வீட்டுல வாசியும். அது கோயில்ல கேக்கட்டும். அம்மன் எல்லாருக்கும் தாய்தானே, அவ கோயில் தாய்வீடுதானே? சாஸ்திரமும் தப்பாது, கச்சேரியும் தப்பாது."

தாண்டவம் எழுந்து அவரைக் கட்டிக்கொண்டார்.

கொடையன்று சாயங்காலம் மேடை நடுவில் ஆம்ப்ளிஃபயரை உட்கார வைத்தார்கள். அரக்குப் பட்டு, தலை நிறைய மல்லிகை. அங்கே வீட்டில் தாண்டவம் கதவைச் சாத்திக்கொண்டு, உயிரைக் கொடுத்து வாசித்துக்கொண்டிருந்தார். இங்கே இசக்கியப்பன் சுவிட்சைப் போட்டார். ஙொய்ங் என்று ஆரம்பித்தது. மைதானம் கப்சிப். புருஷனைப் பிரிந்த ஏக்கம் குரலில் தெரிகிறது என்று பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கடைசி வரிசையில் பிச்சையா அண்ணாச்சி கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டார்.

கச்சேரி நேரம் முடிந்ததும் தாண்டவம் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். விரலெல்லாம் சிவந்து கன்றியிருந்தது. "அண்ணாச்சி, கேட்டுச்சா?"

"சுத்தமா கேட்டுச்சுப்பா. என்ன சுருதி! ஆரம்பிச்ச இடத்தை விட்டு ஒரு நூல் அசையலையே" என்று அண்ணாச்சி அவர் தோளில் துண்டைப் போர்த்தினார். "அடுத்த வருஷமும் நீதான். செண்டைக்காரங்களை வரவேண்டாம்னு சொல்லியாச்சு."

தாண்டவம் தேம்பித் தேம்பி அழுதார். சந்தோஷத்தில்தான்.

கோமதிநாயகம் மட்டும் கொஞ்சம் கவலையாக நின்றார். "அண்ணாச்சி, அடுத்த வருஷம் மேடையைக் கொஞ்சம் அகலமாப் போடச் சொல்லணும். ஆவணியில ரெண்டையும் சேத்து வைக்கோம். வைகாசி வாக்குல ஒரு வயலின் பொறந்துரும். கைக்குழந்தையை வீட்டுல விட்டுட்டு வரமுடியாதுல்லா?"

அண்ணாச்சி தாடையைத் தடவிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார்.

"வயலின்னு இப்பமே எப்படிடே சொல்ல முடியும்?" என்றார். "மிருதங்கமாக் கூட இருக்கலாம். எதுக்கும் தொட்டிலைப் பெருசாவே கட்டுங்க."