மருதமரம் விழும் பக்கம்

“எட்டு மாசமாச்சு தாயி. இன்னும் காஞ்ச சுள்ளியத்தான் வெட்டிட்டிருக்கேன். பச்சைக் கொப்புல எப்பத்தான் என்னைய ரம்பம் வைக்க விடுவீங்க?”

கேட்ட மாசானத்துக்கு அறுபது வயது. கேட்டுக்கொண்டிருந்த சுடலைவடிவுக்கு நாற்பதுகூட நிரம்பவில்லை. ஆனாலும் அவள்தான் குரு. கிளை கழித்து மரங்களைக் கவாத்து செய்கிறவள்.

மாசானம் மரங்களைச் சாய்த்தவர். முப்பத்தைந்து வருடம். லேசுப்பட்ட ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். தரையில் ஒரு முளைக்குச்சியை அடித்து வைத்துவிட்டு, அதன் தலையிலேயே மரத்தைச் சாய்ப்பார். குச்சி மண்ணுக்குள் இறங்கிவிடும்.

இனி சாய்க்க மனசில்லை என்று ஒருநாள் அவள் முன்னால் வந்து நின்றார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. குச்சியின் பெருமை மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

சுடலைவடிவு எழுந்து நடந்தாள். அவரும் பின்னாலேயே போனார்.

ஆற்றங்கரையில், பள்ளிக்கூடத்தை ஒட்டி ஒரு மருதமரம். ஐந்து பேர் கைகோத்தாலும் எட்டாத அடிமரம். அதன் பெரிய கிளை ஒன்று ஓட்டுக்கூரை மேல் நீண்டு கிடந்தது. காற்றடித்தால் நுனி ஓட்டைத் தட்டும். போன வாரம் இரண்டு ஓடுகள் வகுப்புக்குள் விழுந்திருந்தன.

தலைமையாசிரியை வாசலிலேயே நின்றார்.

“பிள்ளைங்க தலையில விழுந்தா நான் யாருக்குப் பதில் சொல்ல? இன்னைக்கு ஒரு வழி பண்ணுங்க. இல்லன்னா மரத்தையே எடுத்துரச் சொல்லி எழுதிக் கொடுத்துருவேன்.”

அவர் சொன்னதில் தப்பில்லை.

சுடலைவடிவு திரும்பினாள். “அண்ணாச்சி, இந்த மரம் எந்தப் பக்கம் விழும்?”

மாசானம் கண்ணைக்கூட இமைக்கவில்லை. “கிழக்கால. பள்ளிக்கூடத்து நடுச்சுவர் மேல.”

“அந்தப் பெரிய கொப்பை எடுத்துட்டா?”

“எடுத்துட்டா எங்கயும் விழாது. பாரம் போயிரும்லா?”

“சரி, ஏறுங்க. எதை வெட்டணுமோ வெட்டுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

“இப்பவா? காத்து இந்த அடி அடிக்கே தாயி!”

“அதனாலதான் ஏறச் சொல்லுதேன்.”

மாசானம் திகைத்தார். மரம் சாய்க்கிறவன் காற்றடித்தால் வேலையை நிறுத்திவிடுவான். காற்று கணக்கைக் கெடுத்துவிடும். கயிறு கட்ட அவர் எத்தனையோ மரங்களில் ஏறியிருக்கிறார். ஒருமுறைகூடக் காற்றில் ஏறியதில்லை.

ஏறினார். அவர் இடுப்புக் கயிற்றின் மறுமுனையைக் கீழே அவள் பிடித்துக்கொண்டாள்.

பெரிய கிளை பிரியும் கவட்டில் போய் உட்கார்ந்தார். ரம்பத்தைக் கிளையின் அடியில் வைத்தார்.

ஆற்றுப் பக்கமிருந்து பெருங்காற்று வந்தது.

மொத்த மரமும் ஒரே பக்கம் சாயப்போகிறது என்று கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

சாயவில்லை.

கண்ணைத் திறந்தார். பெரிய கிளை கிழக்கே போனது. அது போகும்போதே மேற்குக் கிளைகள் திரும்பி வந்தன. உச்சிக் கிளைகள் இன்னும் புறப்படவே இல்லை. ஒன்று போக, ஒன்று வர, ஒன்று நிற்க, இலையெல்லாம் ஆரவாரமாக இருந்தது. அவருக்குக் கீழே அடிமரம் மட்டும், படுத்திருக்கும் பசுவின் விலா மாதிரி, மெல்ல அசைந்து அடங்கியது.



ரம்பத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தார். பெரிய கிளை கிழக்கே இழுத்தது. மற்றவை மேற்கே இழுத்தன. இரண்டு இழுப்பும் அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் வந்து ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. இந்தக் கிளை போனால் மேற்கு இழுப்பைத் தாங்க ஆளில்லை. இவ்வளவு பெரிய உடம்பு மேற்கே ஆற்றுக்குள் போய்விடும்.

“நிக்குதே… இப்படில்லா நிக்குது!” என்று வாய்விட்டுச் சொன்னார்.

அவர் சாய்த்த அத்தனை மரங்களும் இப்படித்தான் நின்றிருக்கும். கன்னம் நனைந்த பிறகுதான் அழுகிறோம் என்றே அவருக்குத் தெரிந்தது.

கயிற்றைப் பிடித்திருந்தவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வெகுநேரம் கழித்து அவர் கிளையின் மேல் தவழ்ந்து நுனிப் பக்கம் போனார். அங்கே சிறு கிளைகள் கூட்டமாக நெருங்கி, காற்றையெல்லாம் முகத்தில் வாங்கிக்கொண்டிருந்தன. அவற்றில் ஏழு கிளைகளை மட்டும் அறுத்தார். ஒவ்வொன்றும் மணிக்கட்டுப் பருமன். கீழே இறங்கி வந்தார்.

தலைமையாசிரியை தரையில் கிடந்ததையும் அவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

“இவ்வளவுதானா? பெரிய கொப்பு அப்படியே நிக்கே!”

“காத்து வரட்டும் டீச்சர்,” என்றாள் சுடலைவடிவு.

வந்தது. கிளை மெல்லப் போய், ஓட்டுக்கு ஒரு முழம் மேலேயே நின்று, திரும்பியது. முன்னைவிட வேகமாக இன்னொரு காற்று வந்தது. அப்போதும் ஒரு முழம்.

மூன்று பேரும் அண்ணாந்தபடியே நின்றார்கள். உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்டது. தலைமையாசிரியை போகிற போக்கில் அடிமரத்தை ஒருமுறை தொட்டுவிட்டு உள்ளே போனார்.

சுடலைவடிவு கேட்டாள்:

“அண்ணாச்சி, இந்த மரம் எந்தப் பக்கம் விழும்?”

மாசானம் கிழக்கே பார்த்தார். மேற்கே பார்த்தார். மரத்தை ஒரு முழுச் சுற்று சுற்றி வந்தார். முப்பத்தைந்து வருடமாகக் கேட்டவுடனே வந்த பதில் வரவில்லை.

“தெரியலியே தாயி.”

அவள் தன்னுடைய ரம்பத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.