ருசி பார்த்த பாயசம்

போன குருத்தோலை ஞாயிறன்று, ஆராதனை முடிந்து வீட்டுக்கு நடந்து வரும்போது, என் இளைய மகள் ஜெனிபா எனக்கு இதைச் சொன்னாள். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

அவள் சென்னையில் ஆராய்ச்சி செய்கிறாள். இதயத்துச் செல்லுக்குள் ஒரு புரதம் இருக்கிறதாம். அது கால்சியத்தைப் பிடித்தால் செல் சுருங்கும், விட்டால் தளரும். அதுதான் துடிப்பு. ஜெனிபா அந்தப் புரதத்தில் ஓரிடத்தை மாற்றி, எலியின் இதயச் செல்களுக்குள் வைத்திருந்தாள். அவை துடித்தால்தான் அவள் படிப்பு தேறும்.

கால்சியம் கண்ணுக்குத் தெரியாது. அதனால் செல்லுக்குள் ஒரு சாயம் விடுவார்கள். சாயம் கால்சியத்தைப் பிடித்ததும் ஒளிரும்.

முதலில் ஒளி மங்கலாக இருந்தது. நன்றாகத் தெரியட்டும் என்று சாயத்தைக் கூட்டினாள். துடிப்பு குறைந்தது. என்னவென்று பார்க்க இன்னும் கூட்டினாள். துடிப்பு நின்றே போனது.

ஊருக்கே வந்துவிடுகிறேன் என்று போனில் அழுதாள். நான் முழங்காலில் நின்று ஜெபித்தேன். எனக்கு வேறென்ன தெரியும்?

மறுநாள் தன் பேராசிரியை மங்கையர்க்கரசி மேடத்திடம் போய் நின்றாள். கூடப் படிப்பவர் ஒருவருக்குக் குழந்தை பிறந்து, எல்லாருக்கும் பாயசம் கொடுத்திருந்தார்கள். ஜெனிபாவின் பங்கு ஒரு சின்னக் கிண்ணத்தில் மேடத்தின் மேசைமேல் இருந்தது.

"நான் மாத்தின புரதம் வேலை செய்யல மேடம். விட்டுடறேன்."

மேடம் கிண்ணத்தை எடுத்தார்.

"இரு, இனிப்பு சரியா இருக்கான்னு பாக்கறேன்."

ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டார். ஏலக்காய் தெரியவில்லையே என்று இன்னொன்று. முந்திரி நன்றாக வறுத்ததா என்று மற்றொன்று. சேமியா குழைந்துவிட்டதோ என்று கிண்ணத்தை வழித்தே பார்த்தார். பிறகு நீட்டினார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. சாப்பிடு."

ஜெனிபாவுக்கு அந்த அழுகையிலும் கோபம் வந்துவிட்டது.

"சாப்பிட என்ன இருக்கு மேடம்? ருசி பாத்தே முடிச்சிட்டீங்க."

"ஆமா. உன் சாயம் கால்சியத்தை என்ன செய்யும்?"

"பிடிக்கும்" என்றவள், வெறும் கிண்ணத்தைப் பார்த்தபடி நின்றாள். அப்புறம் ஆய்வகத்துக்குத் திரும்பிப் போனாள்.

புதிதாக வளர்த்த செல்களில், மாற்றிய அதே புரதத்தை வைத்து, சாயத்தை மட்டும் இம்மியளவு விட்டாள். கருவியில் கண்ணை வைத்துக் காத்திருந்தாள். ஒரு ஓரத்தில் ஒன்று சுருங்கியது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு செல்கள் இருந்த தட்டு முழுக்க.

கையுறையைக்கூடக் கழற்றாமல் மேடத்தின் அறைக்கு ஓடினாளாம்.

"துடிக்குது மேடம். ஆனா ரொம்ப மங்கலாத்தான் தெரியுது."

மேடம் எழுதிக்கொண்டிருந்ததிலிருந்து நிமிரவில்லை.

"அவ்வளவு தெரிஞ்சா போதும். மிச்சம் செல்லுக்கு வேணும்."

கேட்டதும் நடுத்தெருவிலேயே ஸ்தோத்திரம் சொல்லிவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு ஜெனிபா ஊருக்கு வருகிறாள். படிப்பு எப்போது முடியும் என்று மட்டும் அவளிடம் கேட்காதீர்கள்.