வால் போன இடம்

"சாமி, நான் ஒரு கொலை பண்ணிட்டேன். மடத்தை விட்டுப் போறேன்."

சொன்னவள் தனபாக்கியம். பேரன் பேத்தி எல்லாம் பார்த்துவிட்டு, போன வருஷம்தான் இந்தச் சமண மடத்துக்கு வந்தவள். செய்த பாவத்துக்காக நாலு நாளாகப் பட்டினி. கையில் துணிமூட்டை.

கேட்டவள் விசயமதி. குரு. தனபாக்கியத்தின் மூத்த மகளைவிட வயதில் சின்னவள்.

"எதைக் கொன்னீங்க பாக்கியம்மா?"

"வாலை."

விசயமதிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

அந்த மடத்தில் பொழுது சாய்ந்தால் சாப்பாடு கிடையாது. தண்ணீரையும் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார்கள். துணியில் தங்கும் உயிரை எடுத்த குளத்திலேயே கொண்டுபோய் விடவேண்டும்.

ஒருநாள் துணியில் ஏழு தலைப்பிரட்டைகள் சிக்கின. தனபாக்கியம் குளத்துக்குக் கொண்டுபோனாள். கரையில் கொக்கு நின்றது.

விட மனசு வரவில்லை. மண்தொட்டியில் விட்டுக் கீரை போட்டு வளர்த்தாள்.

"இலை மாதிரி வால் இருந்துச்சு சாமி. இப்ப மிளகாய்க் காம்பு அளவுக்குச் சுருங்கிப்போச்சு."

"எதனால?"

"ரெண்டு நாள் தண்ணி ஊத்த மறந்துட்டேன். தொட்டி பாதி வத்திப்போச்சு. அதுல இருந்துதான்."

"வேப்பமரத்தடியில இன்னொரு தொட்டி வெச்சிருந்தீங்களே?"

"அதுல மூணு விட்டேன். தினமும் தண்ணி ஊத்தினேன்."

"அந்த மூணுக்கும் வால் இருக்கா?"

தனபாக்கியம் தலையைக் குனிந்தாள்.

"நேத்திலேர்ந்து அதுவும் சுருங்குது."

"அதை யாரு கொன்னது?"

"வெயிலா இருக்கும்."

"மரத்தடியில ஏது வெயில்?"

"ஏதாச்சும் கடிச்சிருக்கும்."

"காயம் இருக்கா?"

"இல்ல சாமி. ஒரு சொட்டு ரத்தம்கூட இல்ல."

"சரி. செத்த வால் எங்க?"

இதைத் தனபாக்கியம் நினைத்தே பார்க்கவில்லை.

"தேடுங்க. எடுத்து மண்ணுல போட்டுட்டு, அப்புறம் போங்க."

தனபாக்கியம் மூட்டையைக் கீழே வைத்தாள். வாசலில் இருந்த முதல் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துணியில் வடித்தாள். மணல் வந்தது. கீரைத்தண்டு வந்தது. மறுபடி வடித்தாள்.

"வாலைக் காணோம் சாமி."

"கீரை அப்படியே கிடக்கே. திங்கலையா?"

"நாலு நாளாத் தொடவே இல்ல. வாய் அகலமா மாறிக்கிட்டு வருது. அதால கடிக்க முடியல போல. என்னை மாதிரி அதுவும் பட்டினி."

"உங்களை மாதிரியா? நீங்க சுவரைப் பிடிச்சுக்கிட்டுத்தானே படியேறி வந்தீங்க."

அப்போது ஒரு குட்டித்தவளை தொட்டி விளிம்பில் ஏறி உட்கார்ந்தது. பின்னால் காம்பு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

விசயமதி குனிந்து அதையே பார்த்தாள்.

"நாலு நாளா ஒண்ணும் திங்கல. கால் மட்டும் எப்படி இப்படித் தேறியிருக்கு?"

தனபாக்கியம் தவளையின் காலைப் பார்த்தாள். காம்பைப் பார்த்தாள். மறுபடியும் காலைப் பார்த்தாள்.

"அப்ப, வாலுதான் அதுக்குச் சாப்பாடா?"

தவளை ஒரே தாவு. ஈரமண்ணில் போய் விழுந்து, இன்னொரு தாவில் புல்லுக்குள் மறைந்தது.

தனபாக்கியம் துணிமூட்டையை மடத்துக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். பிறகு அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள்.

"சாமி, பொழுது சாய இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?"