கொம்பு ஒடிந்த கூடு

முதலில் தகர வாளி தரையில் மோதிய சத்தம். பிறகுதான் தொபியாஸ் வாசலில் தெரிந்தான்.

“அக்கா, அந்த இன்னாசியை இங்கயிருந்து துரத்துவியா, மாட்டியா?”

ரெஜினாள் நிமிரவில்லை. கரை ஒதுங்கிய திருக்கைக் கூடுகளில் அப்பியிருந்த மணலை பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

திருக்கைகளில் சில முட்டையிடும். தோல்பை போல ஒரு கூடு, நாலு மூலையிலும் கொம்பு. குஞ்சு வெளியேறியபின் வெறுங்கூடு கரைக்கு வரும். கொம்பின் நீளத்தையும் விளிம்பையும் தடவிப் பார்த்தே, எந்தத் திருக்கை இட்டது என்று ரெஜினாள் சொல்லிவிடுவாள். அதைக் கற்கத்தான் தொபியாஸும் இன்னாசியும் அவளிடம் வந்தார்கள். இரண்டு பேருக்கும் தலை நரைத்தாயிற்று. வாய்தான் அடங்கவில்லை.

“என்ன செஞ்சான்?”

“இன்னைக்கு வலையில ஒரு கூடு வந்துச்சு. முள்வாலன் திருக்கைக் கூடுன்னேன். அவன், ‘நீளமூக்கன் இட்டதைப் போய் முள்வாலன்னு சொல்லுதாரு, இவருக்கு யாராவது கண்ணாடி வாங்கிக் குடுங்கப்பா’ங்கான். ஏலக்கூடமே சிரிக்குது. மீன் வாங்க வந்த பொம்பளைங்ககூட!”

“நீ?”

“முள்வாலன் இல்லேன்னா பாதி மீசையை எடுத்துட்டு இதே இடத்துல நிக்கேன்னுட்டேன்.”

“பாதியா?”

“சிரிக்காதக்கா.”

அவள் சிரிக்கவில்லை. வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். கடல்தண்ணீரில் கூடு கிடந்தது. இரண்டு கொம்புகள் அடியோடு ஒடிந்திருந்தன. விளிம்பெல்லாம் பாசி.

“இதை வச்சு என்னாலயும் சொல்ல முடியாது.”

“நீயே சொல்லலேன்னா எவன் சொல்லுவான்? சாயங்காலம் அத்தனை பேரும் கூடிருவாங்க. எனக்கு ஒரு பேர் வேணும்.”

“ஒரு வழி இருக்கு.”

எழுந்துபோய், மீன் அறுக்கும் கத்தியைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தாள்.

“கூட்டோட வாய் மூடித்தான இருக்கு? கிழி. உள்ள இருக்கிறதைப் பார்த்தா உனக்கே தெரிஞ்சிரும்.”

“உள்ளயா?”

வெறுங்கூடுகளையே தொட்டுப் பழகிய கை. விளிம்பைத் தடவியது. எங்கும் பிளவில்லை.

வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான்.

தேன்நிறத் தோலுக்குள் நூல் போல ஒரு வால். துடித்தது. நின்றது. மறுபடி துடித்தது.

“தெரிஞ்சேதான் கத்தியக் குடுத்தியா?”

“பேர் வேணும்னது நீ.”

“நீயெல்லாம் ஒரு...”

கத்தியை மண்ணில் எறிந்தான். கூட்டை வாளிக்குள் போட்டுத் தூக்கிக்கொண்டு, வேட்டியைக்கூட மடித்துக் கட்டாமல் கடலில் இறங்கினான். இடுப்பு வரை தண்ணீர். பாறையோரத்துப் பாசிக்குள் கூட்டை ஆழமாகச் செருகினான். போகும்போதும் வரும்போதும் இன்னாசியையும் அவளையும் சேர்த்தே திட்டினான். வாயில் அலை அடித்தது. துப்பிவிட்டுத் திட்டினான்.

சொட்டச் சொட்ட வந்து நின்றான்.

“கோவம் கொஞ்சங்கூடக் குறையலக்கா.”

“குறையணும்னு யாரு சொன்னா?”

அவளையே முறைத்துப் பார்த்தான். முறைத்தபடியே எதிரில் உட்கார்ந்தான்.

குவியலிலிருந்து ஒரு வெறுங்கூட்டை எடுத்தான். மணலைத் தேய்க்கத் தொடங்கினான்.