வெட்கப்படும் காந்தம்

"டீச்சர் மாதிரியே அவங்க செஞ்ச காந்தத்துக்கும் வெட்கம்டி. ஒரு குண்டூசியக்கூட கிட்ட சேர்க்க மாட்டேங்குது."

பத்தாம் வகுப்பு ஜன்னலைத் தாண்டும்போது இன்பவல்லி டீச்சரின் காதில் விழுந்தது இது. உள்ளே ஒரே சிரிப்பு. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் நாளைக்கு அதே வகுப்பில் அந்த மின்காந்தச் சோதனையை மறுபடி செய்து காட்டுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறாள். நாளையும் குண்டூசி எழும்பாவிட்டால் அந்தப் பெயர் நிலைத்துவிடும்.

மாலையில் நேரே சபுராவின் கடைக்குப் போனாள். மோட்டார்களுக்குக் காயில், அதாவது கம்பிச்சுருள், கட்டும் கடை. சபுரா டீச்சரைவிட நான்கு வயது சின்னவள். ஆனாலும் ஊருக்கே மேஸ்திரி. பத்து நாளாக டீச்சர் அங்கே வேலை பழகும் மாணவி.

"மேஸ்திரி, ஒரு சந்தேகம்."

"கேளுங்க டீச்சர்."

கம்பி சுற்றிய போல்ட்டைப் பையிலிருந்து எடுத்தாள். கூடவே ஒரு தாளும் வந்து விழுந்தது. சபுரா குனிந்து எடுத்தாள். நாளைக்கான விடுப்புக் கடிதம்.

"காய்ச்சலா டீச்சர்?"

"வந்தாலும் வரலாம்."

சபுரா கடிதத்தை மேசைமேல் வைத்தாள். "சந்தேகத்தச் சொல்லுங்க."

"பேட்டரியில இணைச்சா கம்பி சுடுது. அப்போ மின்சாரம் போகுதுதானே? பின்ன ஏன் காந்தம் ஆகல?"

"எப்படிச் சுத்துனீங்க?"

"கம்பிய ரெண்டா மடிச்சுச் சுத்துனேன். பட்டன் தைக்க இரட்டை நூல் போடுவோமில்ல, அந்த மாதிரி. பலமா இருக்கும்னு."

சபுரா சிரிக்கவில்லை. காயில் சுற்றும் இயந்திரத்தைக் காட்டினாள்.

"அந்தக் கைப்பிடியப் பிடிங்க. முன்பக்கமாச் சுத்துங்க."

டீச்சர் சுற்றப் போனாள். சபுராவும் அதே கைப்பிடியைப் பிடித்துப் பின்பக்கமாகத் தள்ளினாள். இருவரும் பல்லைக் கடித்தார்கள். டீச்சரின் கொண்டை அவிழ்ந்தது.

"விட்றாதீங்க டீச்சர்!"

"நீங்கதான் விடணும் மேஸ்திரி!"

ஒருவழியாகக் கையை எடுத்தார்கள். இருவருக்கும் மூச்சு வாங்கியது.

"கை சுடுதா?" என்றாள் சபுரா.

"நல்லாவே சுடுது."

"சக்கரம் சுத்துச்சா?"

டீச்சர் போல்ட்டை எடுத்தாள். அடுத்தடுத்து ஒட்டிக் கிடந்த இரண்டு இழைகளைப் பார்த்தாள். வலது கையால் பிடிப்பதுபோல் ஒரு இழையின்மேல் கையை வைத்தாள். மின்சாரம் ஓடும் திசையில் கட்டைவிரல் இந்தப் பக்கம் காட்டியது. அடுத்த இழைக்குக் கையைத் திருப்ப வேண்டியிருந்தது. கட்டைவிரல் அந்தப் பக்கம் காட்டியது.

"அய்யோ! போன வழியிலேயே திரும்பி வருது. ஒண்ணு செய்யறத இன்னொண்ணு அழிக்குது."

"அவ்வளவுதான்."

டீச்சர் கம்பியைப் பிரித்தாள். பிரிக்கப் பிரிக்கக் கண் மேசைமேல் இருந்த கடிதத்துக்கே போனது.

"மேஸ்திரி, நாளைக்கு நான் போகவா, வேண்டாமா? போகணும்னும் இருக்கு, ஓடிடணும்னும் இருக்கு."

சபுரா வெறும் போல்ட்டை அவள் பக்கம் தள்ளினாள்.

"எந்தப் பக்கமா இருந்தாலும் சரி டீச்சர். ஒரே பக்கமாச் சுத்துங்க. அதுக்கு முன்னாடி போல்ட்டுமேல ஒரு தாளச் சுத்திக்கோங்க, கம்பி உரசாது."

டீச்சர் சுற்றுமுற்றும் பார்த்தாள். விடுப்புக் கடிதத்தை எடுத்து, நீளவாக்கில் மடித்து, போல்ட்டின்மேல் இறுக்கிச் சுற்றினாள். பிறகு கம்பியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு முதல் சுற்றைப் போட்டாள்.