அய்அய்யின் நடுவிரல்

அந்தக் காலத்தில், விலங்கும் பறவையும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, மடகாஸ்கர் தீவிலும் ஒரு மரங்கொத்தி இருந்தான். விடிந்ததும் மரம் மரமாகப் போய் டொக் டொக்கென்று கொத்துவான். அவன் கொத்திய மரமெல்லாம் அவனுக்குச் சொந்தம்; உள்ளே நெளியும் புழுவும் அவனுக்கே. யாராவது வந்து கேட்டால், "தலையைத் தரையில வச்சு, நீயே ராஜான்னு சொல்லு" என்பான். காடே சொன்னது. சொன்னவர்களுக்குக் கிடைத்தது என்னவோ அவன் கொத்திப் போட்ட மரத்தூள்தான்.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. காட்டில் ஒரு பழம் இல்லை. குரங்குக்குத் தூரத்துச் சொந்தமான அய்அய் என்ற லெமூர், குட்டியை அணைத்துக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பால் வற்றிவிட்டது. குட்டிக்கு அழக்கூடத் தெம்பில்லை.

"அண்ணே, ஒரே ஒரு புழு குடுங்க. பிள்ளை செத்துரும்."

"முதல்ல தலையைத் தரையில வை."

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். அவளுக்கு மானம் மட்டும் பறக்க மாட்டேன் என்றது.

"இந்தக் காட்டுல எல்லாரும் தலை வச்சாங்களே, மரத்தூளைத் தவிர என்னத்தக் குடுத்தே? நானே எடுத்துக்கறேன்."

மரங்கொத்தி விழுந்து விழுந்து சிரித்தான். "அலகு எங்கே உனக்கு? தட்டணும், காது குடுத்துக் கேக்கணும். உள்ளே புழு குடைஞ்சிருந்தா சத்தம் மாறும். அதெல்லாம் எங்க வேலை! நீ ஒரு புழு எடுத்துட்டா நான் இந்தத் தீவையே விட்டுப் போறேன்."

பீற்றல்காரனுக்கு வாய்தானே எதிரி! தொழிலையே சொல்லிக் கொடுத்துவிட்டான்.

அவள் விரலால் தட்டினாள். காதை விரித்துக் கேட்டாள். சத்தம் மாறிய இடத்தைப் பல்லால் கடித்துத் துளைத்து, நடுவிரலை உள்ளே திணித்தாள். துளை குறுகல். சதை உரிந்துகொண்டு வந்தது.

"விரல் போயிரும், எடுத்துரு!" என்று காடு கத்தியது.

"போகட்டும். பிள்ளை போகக் கூடாது."

விரல் வெளியே வந்தபோது வெறும் எலும்பும் தோலுமாக இருந்தது. நுனியில் கொழுத்த புழு. குட்டி வாய் திறந்து சப்பியது.

"ஏதோ குருட்டு அதிர்ஷ்டம்..." என்று மரங்கொத்தி இழுத்தான்.

"சொன்ன சொல்லு என்னாச்சு? கிளம்பு!"

அதுவரை தலை வைத்தவர்களும் சேர்ந்து "கிளம்பு!" என்றார்கள். அவன் கடல் தாண்டிப் போனவன்தான், திரும்பவே இல்லை.

அந்தக் குச்சி விரலைக் கண்டால் சாவு வரும் என்று பயந்து, மனிதர்களில் சிலர் இன்றும் அவளை அடிக்கக் கம்பை எடுக்கிறார்கள். அவள் இனம் அருகிவிட்டது. ஆனாலும் அன்று முதல் அந்தத் தீவில் மரங்கொத்தி என்று ஒருவன் கிடையாது. மரம் தட்டுகிறவள் அய்அய் ஒருத்திதான், யாருக்கும் தலை வணங்காமல்.