குமிழி நடுவில் நின்ற தரை

“எல்லாம் சரியா இருக்கு சாமி. அதான் எனக்குப் புரியல.”

தாண்டவராயன் இப்படித்தான் ஆரம்பித்தார். அவருக்கு அறுபத்தொன்று. மடத்துச் சாமிக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

“என்ன சரியா இருக்கு?”

“புது வீட்டுல, குளிக்கிற ரூம் தரை.”

“பிறகென்ன?”

“தண்ணி போக மாட்டேங்குது. வீட்டுக்காரி வர மாட்டேங்கிறா.”

சாமி கீரை ஆய்வதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

தாண்டவராயன் முப்பத்திரண்டு வருஷம் எடையளவு இன்ஸ்பெக்டராக இருந்தவர். கடைகடையாய்ப் போய்த் தராசைத் தூக்கிப் பார்த்தவர். முள் ஒரு மயிரிழை சாய்ந்தாலும் அவருக்குப் பொறுக்காது. பென்ஷன் வந்ததும் வீடு கட்டினார். கொத்தனார் குளியலறைக்குத் தரை போட்டுக்கொண்டிருந்தபோது, சமம் பார்க்கிற ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் நிற்கவில்லை. ஓரமாய்ப் போயிருந்தது.

“யாரை ஏமாத்துற?” என்று கேட்டு, அந்த மனுஷனை அன்றைக்கே அனுப்பிவிட்டார்.

பிறகு தானே சிமெண்ட் குழைத்தார். தானே டைல்ஸ் பதித்தார். குமிழி நட்டநடுவில் நின்றது. அன்று ராத்திரி அவருக்கு நல்ல தூக்கம்.

குடிவந்த மூன்றாம் நாள் அவர் மனைவி செண்பகவல்லி, தேங்கிய தண்ணீரில் வழுக்கி விழுந்தாள். கணுக்கால் பிசகிவிட்டது. வலியில் தரையைத் திட்டினாள். அவர் ரசமட்டத்தைக் கொண்டுவந்து குமிழியைக் காட்டினார். காட்டியதோடு விட்டிருக்கலாம்.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்,” என்றும் சொல்லிவிட்டார்.

சாயங்காலமே அவள் நொண்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். பன்னிரண்டு நாளாகிறது.

சாமி வீட்டைப் பார்க்க வந்தார்.

நடையில் ஒரு சின்னக் கண்ணாடி. அதையும் தாண்டவராயனே மாட்டியிருந்தார், புருஷன் பெண்டாட்டி இருவர் உயரத்துக்கும் சரிபாதியில். அதில் அவருக்கு நெற்றி தெரியாது, அவளுக்கு முகவாய் தெரியாது. சாமி குனிந்து பார்த்தார், எக்கிப் பார்த்தார், உள்ளே போனார்.

ஒரு வாளித் தண்ணீரைக் குளியலறைத் தரையில் கொட்டினார். தண்ணீர் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றது. தாண்டவராயனும் நின்றார்.

“வாட்டம் இருக்கா?”

“அதெல்லாம் இல்ல சாமி. சாப்பிடுறேன், தூங்குறேன். ஒரு வாட்டமும் இல்ல.”

“உங்களைக் கேக்கல. தரையைக் கேட்டேன். தண்ணி ஓடுற வாட்டம்.”

“தரையிலயும் கிடையாது. சுத்தமான சமம்.”

“அப்ப ரெண்டுலயும் இல்ல.”

சாமி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது, “ஒரு விரக்கடை தாழணும்,” என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்.

மறுநாள் தாண்டவராயன் உளியும் சுத்தியலும் வாங்கி வந்தார். பதித்த டைல்ஸை எல்லாம் தானே உடைத்தார். ஆறு நாள் வேலை. உள்ளங்கையில் நாலு கொப்புளம். ஏழாம் நாள் மடத்துக்கு ஓடினார்.

“தாழ்த்திட்டேன் சாமி! இன்னும் போகல. முன்னைக்கு இப்ப ஆழமா நிக்குது.”

“எந்தப் பக்கம் தாழ்த்தினீங்க?”

“எல்லாப் பக்கமும். சமமா, ஒரு விரக்கடை.”

சாமி சிரிக்கக்கூடாது என்றுதான் பார்த்தார். முடியவில்லை.

“சிரிக்காதீங்க சாமி. ஒரு பக்கத்தை மட்டும் தாழ்த்துறது என்ன நியாயம்? அந்தப் பக்கம் என்ன பாவம் பண்ணுச்சு?”

கேட்கும்போதே அவருக்குக் குரல் உடைந்தது. எங்கே தப்பு என்று அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. தினமும் ஒரு தட்டை மட்டும் கழுவிக் கவிழ்க்கிறார். அது அவருக்குத் தாங்கவில்லை.

சாமி சிரிப்பை நிறுத்தினார்.

“வீட்டுல அவங்ககிட்ட பேசினீங்களா?”

“நேத்துப் போன் பண்ணினேன்.”

“என்ன சொன்னீங்க?”

“நியாயத்தைத்தான் சொன்னேன். பழமொழி சொன்னது என் தப்பு, பாத்து நடக்காதது உன் தப்பு. நான் பாதி மன்னிப்புக் கேக்கிறேன், நீ பாதி கேளுன்னேன். சரிபாதி சாமி. அதுல ஒரு குத்தம் சொல்ல முடியுமா?”

“முடியாது. அவங்க என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. வச்சிட்டா.”

“அங்கயும் தண்ணி நிக்குது,” என்றார் சாமி.

தாண்டவராயன் எழுந்தார். வந்த வழியே திரும்பாமல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். புரிந்ததா என்று அப்போது யாராவது கேட்டிருந்தால், அவருக்குப் பதில் தெரிந்திருக்காது.

மைத்துனர் வீட்டில் கதவைத் திறந்தது செண்பகவல்லிதான். வாங்க என்று சொல்லவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றாள். மற்ற காலில் வீக்கம் இன்னும் வடியவில்லை. இத்தனை நாளில் அவர் அந்தக் காலைப் பார்க்கவே இல்லை. பார்த்ததும் அழுகை வந்துவிட்டது.

“எதுக்கு வந்தீங்க?”

“தப்பு என் மேலதான்.”

“எவ்வளவு?”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அளக்கல,” என்றார்.